முட்டைத் தட்டு அறை

அத்தியாயம் 9

அன்று சனிக்கிழமை. காலை பத்து மணி ஆவதற்குள் சிவகுருநாதன் மூன்று முறை வாசல் கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

கேட்டில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. பேப்பர் வந்தாயிற்று. ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளும் போய்விட்டது. மூன்றாவது முறை, காலியாக இருந்த தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

அவர் மனைவி புஷ்பராணி எதையும் கவனிக்கவில்லை. மகளின் பழைய அறையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் பேஸ் கித்தாரை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். விரல்கள் மட்டும் தடித்த கம்பிகளின் மேல் நிதானமாக நடந்துகொண்டிருந்தன. தூரத்தில் யாரோ மரப்படிகளில் ஏறி இறங்குவது போல ஒரு சத்தம்.

இந்தக் கதையை முதல் வாரத்திலிருந்து படித்து வருகிறவர்கள் இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

பினாங்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவள் புஷ்பராணி. சென்ற வருடம், ஐம்பத்தைந்து முடிந்ததும் பெஞ்சன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்த மாதமே, ஜெலுத்தோங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் பஷீரும், சுங்க இலாகாவில் ஓய்வு பெற்ற ஜெயராஜும் சேர்ந்து, அறுபதுகளின் இங்கிலீஷ் பாட்டுகளை வாசிக்க ஒரு குழு ஆரம்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். கடைக்கே போய்விட்டாள். “பாடவா வந்தீங்க அக்கா?” என்று பஷீர் கேட்டார். “இல்ல தம்பி. அந்த நாலு கம்பி கித்தார் இருக்கே, அது எனக்கு வேணும்” என்றாள். அதுவரை அவள் அதைக் கையால் தொட்டதுகூட இல்லை.

இருபது வயதில் தோழியின் கல்யாண விருந்தில் ஒரு குழு வாசித்ததைக் கேட்டிருந்தாள். எல்லோரும் பாடகரைப் பார்த்தார்கள். நடுவில் பேஸ் வாசித்தவரின் கம்பி ஒன்று அறுந்தது. பாட்டு நிற்கவில்லை, ஆனால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தடுமாறினார்கள். ஏன் தடுமாறினோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அந்த ரகசியம் முப்பத்தைந்து வருடம் அவளுக்குள்ளேயே கிடந்தது.

குழுவுக்கு ‘லாஸ்ட் ஃபெர்ரி’ என்று ஜெயராஜ் பெயர் வைத்தார். இன்று மாலை நான்கு மணிக்கு, கடலோரச் சாலையில் உள்ள ஒரு பழைய கிளப்பில் தேநீரோடு நடக்கும் ‘டீ டான்ஸ்’ ஆட்டத்தில், லாஸ்ட் ஃபெர்ரியின் முதல் நிகழ்ச்சி.

பதினொன்றரைக்கு வாசலில் ஒரு நீல நிறக் காடி வந்து நின்றது.

சிவகுருநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தார். உடனே உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார்.

காடியிலிருந்து அவர்கள் மகள் பத்மா, இடுப்பில் கை வைத்தபடி மெதுவாக இறங்கினாள். ஏழு மாதம். கோலாலம்பூரில் பேங்க் வேலை. பின்னாலேயே மருமகன் ஸ்ரீ, சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

“அம்மா! என்ன, ரெடியா? பெட்டி கட்டியாச்சா?”

புஷ்பராணி கூடத்துக்கு ஓடி வந்தாள். “பத்மா! என்னம்மா இது, ஒரு வார்த்தை சொல்லாம?”

“சொல்லாமலா? போன வாரமே போன்ல அப்பாகிட்ட சொன்னேனே. சனிக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போறோம்னு.”

மூன்று பேரும் சிவகுருநாதனைப் பார்த்தார்கள்.

“ஸ்ரீ, பசியாறியாச்சா?” என்றார் அவர்.

பத்மாவுக்கு உடனே படுக்க வேண்டும் போல இருந்தது. முந்தின இரவு தங்கிய ஈப்போவிலிருந்து உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கியிருந்தது. நேராகத் தன் பழைய அறைக்குப் போய்க் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

நான்கு சுவரிலும், கதவின் உட்புறத்திலும், சாம்பல் நிற முட்டைத் தட்டுகள். தரையிலிருந்து கூரை வரை, ஒரு வரிசைகூடக் கோணாமல் ஒட்டப்பட்டிருந்தன.

“அப்பா, இது என்ன?”

“முட்டைத் தட்டு.”

“அது தெரியுது. என் ரூம்ல எதுக்கு?”

“சத்தம் வெளியே போகாம இருக்கும்மா” என்றாள் புஷ்பராணி.

“என்ன சத்தம்?”

கேட்டுக்கொண்டே பத்மா கட்டிலைப் பார்த்தாள். கருஞ்சிவப்பு நிறத்தில், நீளக் கழுத்துடன், பேஸ் கித்தார் அவள் தலையணையில் தலை வைத்துப் படுத்திருந்தது.

“யாருது இது?”

“என்னுது.”

பத்மா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனியும் நடுவிரல் நுனியும் தோல் தடித்து மரத்திருந்தன.

புஷ்பராணி எல்லாவற்றையும் சொன்னாள். தலையை நிமிர்த்திச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். தப்பு செய்தவள் போலத்தான் வார்த்தைகள் வந்தன. பஷீர் டிரம்ஸ். ஜெயராஜ் அண்ணன் கித்தாரும் பாட்டும். இன்றைக்கு நாலு மணிக்கு.

“எந்த பஷீர்? நாசி கண்டார் பஷீரா?”

“ஆமா.”

“வாவ்” என்றான் ஸ்ரீ.

பத்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் காடியிலிருந்து பையை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

“அம்மா, எனக்கு ஒண்ணும் புரியல. டாக்டர் எட்டாம் மாசத்துலேர்ந்து படுத்தே இருக்கணும்னு சொல்லிட்டாரு. ஸ்ரீக்கு அம்மா இல்ல. நான் அப்பாகிட்ட கேட்டேன். அம்மா ஒரு வருஷம் வந்து இருப்பா, சந்தோஷமா வருவான்னு சொன்னாரே. சொன்னீங்கதானே அப்பா?”

“ஒரு வருஷம்” என்று புஷ்பராணி மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

சிவகுருநாதன் கதவில் ஒட்டியிருந்த ஒரு தட்டின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். அது சரியாகத்தான் ஒட்டியிருந்தது.

சமையலறையில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. புஷ்பராணி கரண்டியைக் கையில் பிடித்திருந்தாளே தவிர, கிளறவில்லை. சிவகுருநாதன் வாசற்படியில் நின்றார். கருவூலத்தில் முப்பது வருடம் கிராணியாக, ஃபைல் எழுதும் வேலையில் இருந்தவர். வீட்டிலும் அந்த வழக்கம் போகவில்லை. ஆம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். கித்தார் வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோதும் அப்படித்தான். பேசாமல் இருந்தார். பக்கத்து வீட்டில் சத்தம் என்று ஒருநாள் வந்து சொன்னார்கள். மறுநாளிலிருந்து ஜெலுத்தோங் பாசாரில் முட்டை விற்கும் காமாரியாவிடம் தட்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, ஸ்கேல் வைத்து அளந்து, ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தார்.

“எப்பச் சொன்னீங்க அவகிட்ட?”

“மார்ச்ல.”

“இப்ப மே.”

“ம்.”

“மார்ச்லதானே தட்டு ஒட்ட ஆரம்பிச்சீங்க?”

அவர் குழம்புச் சட்டியைப் பார்த்தார்.

“அங்க என்னை அனுப்புறேன்னு வாக்குக் கொடுத்துட்டு, இங்க எனக்கு ரூம் கட்டினீங்களா?”

“பிள்ளை போன்ல அழுதிச்சு ராணி. ப்ரஷர் கூடியிருக்குன்னு. எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்? சரின்னுட்டேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“தினமும் சொல்லத்தான் வருவேன். ரூம் வாசல் வரைக்கும் வந்துடுவேன். நீ கண்ணை மூடிட்டு வாசிச்சிட்டு இருப்ப. முடியல.”

புஷ்பராணி அடுப்பை அணைத்தாள். கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வந்தது. ஆனால் அதை ஊன்றி நிற்க வைக்க ஒரு உறுதியான தரை கிடைக்கவில்லை. இரண்டு மாதமாக ஒரு மனிதர் அறை வாசல் வரை வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறார். அவள் ஒருமுறைகூடக் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

“சாப்பிடக் கூப்பிடுங்க” என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மலைப்பக்கமிருந்து வந்த மழை. தெரு வெள்ளையாக மங்கியது. ஸ்ரீ கூடத்து நாற்காலியில் தூங்கிப்போனான்.

புஷ்பராணி அறைக்குள் போனாள். பத்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கதவை மூடியதும் மழைச் சத்தம் நின்றுபோனது. அந்த அறை அப்படித்தான். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

“தூங்கலையா?”

“இல்ல.” பத்மா தலையணையை இழுத்து வைத்துக்கொண்டாள். “எனக்கு ஆறு ஏழு வயசு இருக்கும். நீங்க மதியம் ஷிஃப்டுக்குப் போயிடுவீங்க. நான் பக்கத்து டாக்டர் வீட்டுக்குப் போய், அவங்க போன்ல எக்ஸ்சேஞ்சுக்கு டயல் பண்ணுவேன். யாராவது எடுப்பாங்க. உங்க குரலா இல்லாட்டி வச்சிடுவேன். மறுபடி பண்ணுவேன். சில நாள் நீங்க எடுப்பீங்க. ‘நம்பர் ப்ளீஸ்’னு சொல்வீங்க.”

புஷ்பராணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நான் பேச மாட்டேன். நீங்க ரெண்டு தடவை ‘நம்பர் ப்ளீஸ்’னு கேப்பீங்க. அப்புறம் லைன் போயிடும். எனக்கு அது போதும்.”

“ஊமை கால்” என்றாள் புஷ்பராணி. “அங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். மத்தியானம் மத்தியானம் வரும். அது நீயாம்மா?”

“நான்தான்.”

“ஒருநாள் நான் திட்டியிருக்கேனே.”

“லைனை அடைக்காதீங்க, அவசரமாப் பேசறவங்க காத்திருக்காங்கன்னு. இங்கிலீஷ்ல.” பத்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “அதுக்கப்புறம் நான் கூப்பிடல.”

முப்பத்திரண்டு வருடத்தில் புஷ்பராணி எத்தனை குரல்களை எத்தனை ஊர்களுக்கு இணைத்திருப்பாள். செத்த செய்தி, பிறந்த செய்தி, வேலை கிடைத்த செய்தி. பேசாமல் இருந்த ஒரு குரலை மட்டும் அவள் துண்டித்திருக்கிறாள்.

“இப்ப ஒரு வருஷம் கேட்டேன். அவ்வளவுதான்மா.”

“எனக்குப் பிள்ளையைப் பாக்க ஆசை இல்லைன்னு நினைக்கிறியா? தூக்கி வச்சுக்கணும்னு இப்பவே கை ஊறுது. ஆனா ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தா இந்த விரல் என் சொல்லைக் கேக்காது பத்மா. ஒரு வருஷம் வாரத்துக்கு அஞ்சு நாள் உட்கார்ந்து பழகியிருக்கேன். அவங்களும் வேற ஆளைப் பாத்துக்குவாங்க. எனக்கு இது இன்னொரு தடவை வராது.”

“என் முதல் பிள்ளையும் இன்னொரு தடவை பிறக்காது.”

இரண்டு பேருமே சத்தமாகத்தான் பேசினார்கள். சுவர்கள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டன. கூடத்தில் ஸ்ரீ அசையக்கூட இல்லை.

சுவர்ப்பக்கமிருந்து இந்தப் பக்கம் திரும்பி, “வாசிங்க. என்னதான்னு கேக்குறேன்” என்றாள் பத்மா. அதில் விருப்பமும் இல்லை, கேலியும் இல்லை.

புஷ்பராணி சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் வயரைச் செருகி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வாசித்தாள். பாட்டு இல்லை, கித்தார் இல்லை, டிரம்ஸ் இல்லை. அடியில் ஓடுவது மட்டும். தும், தும், ஒரு வளைவு, பிறகு தும். பத்மா முதலில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண் சொருகியது.

தூங்கினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஃபெர்ரியின் கீழ்த் தட்டில் நிற்பது போல இருந்தது. காலுக்கடியில் எஞ்சின் துடித்தது. கடல் பச்சையாக, கண்ணாடி போல, அலையே இல்லாமல் கிடந்தது. அக்கரையில் பிறை ஊரின் ஆலைப் புகைபோக்கிகள் தலைகீழாக நீருக்குள் நின்றன. பக்கத்தில் யாரோ நின்றார்கள். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. யார் என்று தெரிந்துதான் இருந்தது.

கண் விழித்தபோது மணி மூன்று. மழை நின்றிருந்தது. அம்மா அடர்நீலப் புடவை கட்டி, முந்தானை கம்பியில் சிக்காமல் இருக்க இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டிருந்தாள்.

பத்மா எழுந்து உட்கார்ந்தாள். “ஊசி எங்க? தோள்ல ஒண்ணு குத்தினாதான் நிக்கும்” என்றாள்.

கிளப்பின் ஜன்னல்கள் எல்லாம் கடலைப் பார்த்துத் திறந்திருந்தன. மழை கழுவிய வெயில் நீரில் பட்டு எழும்பி, உள்ளே கூரையில் ஒளிவலைகளாக நெளிந்தது. மரத்தரையை மெழுகிட்டுத் தேய்த்திருந்தார்கள். இருபது ஜோடிகள் இருக்கலாம். நரைத்த தலைகள், காலில் பளபளக்கும் சப்பாத்துகள், கையில் தேநீர்க் கோப்பைகள்.

சிவகுருநாதனும் மகளும் மருமகனும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

“அக்கா, குச்சியே நழுவுதுலா எனக்கு” என்றார் பஷீர். “ஐநூறு பேருக்குச் சோறு போட்டவன், இருபது ஜோடிக்குப் பயப்படுறேன்.”

“என்னையே பாருங்க தம்பி. வேற யாரையும் பாக்காதீங்க.”

ஜெயராஜ் மைக்கைத் தட்டினார். பஷீர் குச்சிகளை மோதி நான்கு எண்ணினார். எண்ணிக்கையே ஓடியது. மதிய நேரத்துக் கடைக் கூட்டத்துக்குப் பரிமாறும் வேகத்தில் டிரம்ஸ் பாய்ந்தது. ஜெயராஜின் குரல் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. ஆட எழுந்தவர்கள் கால் பின்னி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புஷ்பராணி ஓடவில்லை. பழகிய நிதானத்திலேயே வாசித்தாள். ஒவ்வொரு ‘தும்’ ஒலியையும் அதற்குரிய இடத்தில் வைத்தாள். பஷீர் அவளைப் பார்த்தார். அவள் தலையை மெதுவாக அசைத்தாள். எட்டு அடி, பத்து அடி. டிரம்ஸ் தயங்கியது, தணிந்தது, அவளோடு வந்து சேர்ந்துகொண்டது. ஜெயராஜுக்கு மூச்சு திரும்பியது. தரையில் இருபது ஜோடிக் கால்களும் ஒரே சமயத்தில் வழுக்கிக்கொண்டு நகர ஆரம்பித்தன.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில் பின்வரிசையைப் பார்த்தாள். பத்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

மயக்கமா? வலியா? கோபித்துக்கொண்டு காடிக்குப் போய்விட்டாளா? சிவகுருநாதனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிட்டு ஓடலாம். நிறுத்தினால் தரையில் அத்தனை பேரும் தடுமாறுவார்கள். விரல்கள் அவளைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தன. இன்னும் ஒரு சரணம் இருந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான சரணம் வந்ததில்லை.

கடைசிக் கம்பியை அடக்கிவிட்டுத் திரும்பினாள். மேடையின் ஓரத்தில், அவளுடைய பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், பத்மா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள்.

“அங்க உங்க சத்தம் தனியாக் கேக்கல. இங்க நல்லாக் கேக்குது” என்றாள்.

மிச்சம் ஏழு பாட்டுகளையும் அங்கே நின்றுதான் கேட்டாள். ஸ்ரீ நாற்காலி கொண்டுவந்து போட்டான். உட்காரவில்லை.

ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தபோது கிளப்பின் செயலாளர் சலேஹா, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் லாஸ்ட் ஃபெர்ரிதான் வாசிக்க வேண்டும் என்றார். பஷீர் குச்சியை மேலே எறிந்தார். பிடிக்கத் தவறினார். ஜெயராஜ் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை.

பிறகு இரண்டு பேரும் புஷ்பராணியைப் பார்த்தார்கள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். பத்மாவுக்கு டாக்டர் சொன்ன நாள் ஜூலை இரண்டாம் வாரம்.

“திங்கட்கிழமை சொல்றேன்” என்றாள் புஷ்பராணி.

வெளியே கடற்சுவரின் ஓரம் காடி நின்றது. இரவு ஈப்போவில் ஸ்ரீயின் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, நாளைக்குக் கோலாலம்பூர் போவதாக ஏற்பாடு. அக்கரைக்குப் பாலம் வழியாக வேண்டாம், ஃபெர்ரியில்தான் போக வேண்டும் என்று பத்மா சொல்லிவிட்டாள்.

“இன்னிக்கு வர மாட்டீங்க. இல்லம்மா?”

“இன்னிக்கு இல்ல. பிரசவத்துக்கு வந்துடுவேன்.”

“சனிக்கிழமை பிறந்தா?”

பத்மா சண்டைக்குக் கேட்கவில்லை. அதனால்தான் புஷ்பராணிக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

அப்போது சிவகுருநாதன் காடியின் பின்மூடியைத் திறந்து காட்டினார். பத்மாவின் பைகளுக்குப் பக்கத்தில் அவருடைய பழைய பழுப்பு நிறப் பெட்டி இருந்தது. மதியம் எல்லோரும் கண் அயர்ந்த நேரத்தில் அடுக்கி வைத்திருக்க வேண்டும்.

“நான் போறேன்” என்றார். “வாக்குக் கொடுத்தது நான்தானே.”

“அப்பா! உங்களுக்குக் கஞ்சிகூட வைக்கத் தெரியாதே!”

“தெரியாது. படிச்சுக்கிறேன். உங்கம்மா இந்த வயசுல படிக்கலையா?”

ஸ்ரீ சிரித்துவிட்டான். பத்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்களை வச்சுக்கிட்டு நான்தான் எழுந்து சமைக்கணும் போல” என்றாள். ஆனால் முன் கதவைத் திறந்துவிட்டு அப்பா ஏறுவதற்காக ஒதுங்கி நின்றாள்.

“இதையும் என்னைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டீங்க” என்றாள் புஷ்பராணி.

“கேட்டா நீயும் வர்றேன்னு சொல்லிடுவ.”

கல்யாணம் ஆகி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் மூன்று நாள் பிரிந்து இருந்ததில்லை. அவர் காடியில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தேடிக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். வழக்கம் போல ஆமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் தலையை மட்டும் அசைத்தார்.

காடி கடலோரச் சாலையில் போய், வளைவில் திரும்பி மறைந்தது.

புஷ்பராணி நின்ற இடத்திலேயே நின்றாள். கடல் பொன்னிறமாக இருந்தது. தூரத்தில் ஒரு ஃபெர்ரி, நகர்வது தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது. சந்தோஷமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஆமாம் போலத்தான் இருந்தது. அதற்குள் இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை.

“அக்கா, உள்ள உட்காருங்க. சாமானெல்லாம் வேன்ல ஏத்திட்டு உங்களை வீட்டுல விட்டுடறேன்” என்றார் பஷீர்.

தலையாட்டிவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். மறுபடியும் துழாவினாள். வீட்டுச் சாவி இல்லை. கதவைப் பூட்டியது அவர். சாவி அவர் சட்டைப் பையில் ஃபெர்ரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பஷீரிடம் சொன்னாள்.

“சனிக்கிழமை சாயங்காலம்லா, ஃபெர்ரி ஏறுற ஜெட்டியில காடி வரிசை நீளமா இருக்கும். இப்பப் போனாப் பிடிச்சுடலாம். ஆனா நான் இதையெல்லாம் கழற்றவே ஒரு மணி நேரம் ஆகும்” என்றார் பஷீர்.

கிளப் வாசலில் ஒரு மூன்று சக்கரத் திரைஷா நின்றது. புஷ்பராணி கித்தாரைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

“கித்தாரை வச்சிட்டுப் போங்க அக்கா!”

அவள் காதில் அது விழுந்தது. கொடுக்கவில்லை. திரைஷாவில் ஏறி, கித்தாரைப் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஃபெர்ரி ஜெட்டி” என்றாள்.

வண்டியோட்டி ஒரு சீனக் கிழவர். நீலப் புடவையையும் நீளக் கித்தாரையும் மாறி மாறிப் பார்த்தார். பெடலில் கால் வைத்தபடி மலாயில் கேட்டார்.

“போக மட்டுமா, திரும்பி வரணுமா?”

புஷ்பராணி கடலைப் பார்த்தாள். அந்த ஃபெர்ரி இப்போது இந்தக் கரைக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

“முதல்ல போங்க அங்கிள்” என்றாள்.